வாய்வைத்து உறிஞ்சாதீர்கள்

இருபது மில்லி ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிப்பெட்டில் வாய்வைத்து உறிஞ்சும் பழக்கம் கல்லூரி வேதியியல் ஆய்வகங்களை விட்டு இன்னும் போகவில்லை. ஆக்ஸாலிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. அடுத்த வாரம் அதே பிப்பெட்டில் ஏறும் பொட்டாசியம் டைகுரோமேட்டோ புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. விலை மலிவான ரப்பர் பல்பு போதும், இந்த ஆபத்தே இல்லை. "நாங்களெல்லாம் இப்படித்தான் படிச்சோம்" என்கிறார் ஆசிரியர், மாணவர்களும் தலையாட்டுகிறார்கள்.

விபத்துக்குப் பிறகு நடப்பது இன்னும் மோசம். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் தெறித்தால் அரை நிமிடம் முகம் கழுவிவிட்டு பியூரெட் பக்கம் ஓடுகிறார்கள். ரீடிங் போய்விடுமாம்! காரம் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும். இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். காரத்தை முறிக்க அமிலம், அமிலத்தை முறிக்கக் காரம் என்று எதையும் ஊற்றக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்: 15 நிமிடம்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 2008 டிசம்பரில் நடந்த தீவிபத்தில் 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் படுகாயமடைந்தார். அடுத்த மாதம் இறந்துபோனார். அவர் லேப் கோட் அணிந்திருக்கவில்லை. அங்கே கோட் அணியாமல் வேலை செய்கிறார்கள் என்று பாதுகாப்புச் சோதனையில் இரண்டு மாதம் முன்பே குறித்திருந்தார்கள். குறித்ததோடு சரி.

ஆகவே எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், விடாமல் தொடர வேண்டும். விபத்து நடந்த அன்றே துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். தேதி, நேரம், சோதனை, வேதிப்பொருளின் பெயரும் செறிவும், அப்போது இல்லாத பொருள்கள் (பல்பு, பாதுகாப்புக் கண்ணாடி, கண் கழுவும் குழாய்), பார்த்தவர்களின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கட்டும். இன்டர்னல் மார்க் போய்விடும் என்று பயந்தால் வகுப்பே சேர்ந்து கையெழுத்திடலாம். நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். வாய்மொழிப் புகார் மறுநாளே காணாமல் போகும்.

பதில் இல்லையா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைகளின்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருந்தாக வேண்டும். நிறுவனம் தர வேண்டிய வசதியைத் தராததும் அங்கே குறைதான். முத்திரையிட்ட நகலை இணைத்துக் கொடுங்கள். 15 வேலை நாளில் குழு அறிக்கை தர வேண்டும். முடிவு சரியில்லை என்றால், அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகம் நியமித்த குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. இந்த 15 நாளைத் தவறவிடாதீர்கள்.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி என்றால் இன்னொரு வழியும் உண்டு. பாதுகாப்புக் கருவிகள் வாங்கிய ரசீதுகளின் நகலைக் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் கெடுவும் 30 நாள்தான்.