புடையன் கடித்த பின் தீராத களைப்பு

இரணைமடுவின் கீழ் வயல் செய்யும் கிளிநொச்சி மக்களுக்கு முத்திரைப் புடையனை அறிமுகம் செய்யத் தேவையில்லை. கண்ணாடி விரியன் என்பதும் இதுவே. இதன் நஞ்சு குருதி உறைவதைக் குலைக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதைப் பலர் அறிவர். ஆனால் உயிர் தப்பி வீடு வந்தவர் மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் சென்றபின் காரணமின்றிச் சோர்ந்து போவது ஏன்? பர்மாவில் இப்பாம்பு கடித்தவர்களுட் சிலருக்குக் கபச்சுரப்பி கெட்டுப்போயிருந்ததை வைத்தியர்கள் 1987இல் எடுத்துக்காட்டினர். பின்னர் இலங்கையிலும் இத்தகைய நோயாளர் காணப்பட்டனர்.

கபச்சுரப்பி மூளையின் அடியில் ஒரு கடலையளவில் இருப்பது. தைரொயிட், அதிரீனல், சூலகம், விதை ஆகியவற்றுக்குக் கட்டளையிடுவது அதுதான். குளம் நிறைந்திருந்தும் துருசு திறப்பார் இல்லாவிடில் வயல் காயுமல்லவா? அதுபோலத்தான். பிரசவத்தில் பெருமளவு குருதி இழந்த தாய்மாருக்கும் இதே கேடு நேரலாம். இதை 1937இல் ஷீஹான் என்ற ஆங்கில வைத்தியர் விவரித்தார். தாய்ப்பால் சுரக்காமை, மாதவிடாய் நிற்றல், அக்குள் மயிர் உதிர்தல், குளிர் தாங்காமை, சாதாரண காய்ச்சலுக்கே மயங்கி விழுதல் ஆகியன இதன் அறிகுறிகள்.

சோதனைக்கு முதலில் வேண்டியது காலைக் குருதி. கோட்டிசோல் என்னும் ஓமோன் காலையில் உயர்ந்து மாலையில் தாழும். ஆகவே எட்டு, ஒன்பது மணியளவில் எடுக்க வேண்டும். பிற்பகற் குருதி ஏமாற்றும். லீற்றருக்கு 100 நனோமோலுக்குக் கீழே இருந்தால் குறைபாடு பெரும்பாலும் நிச்சயம். இரண்டுங்கெட்டான் அளவென்றால் சினாக்தென் ஊசி 250 மைக்கிரோகிராம் ஏற்றி, அரை மணியிலும் ஒரு மணியிலும் மறுபடி பார்ப்பர். பாம்பு கடித்த புதிதில் இந்த ஊசிச் சோதனை சரியென்றே காட்டக்கூடும். கட்டளை நின்று சில வாரங்களானபின்தான் அதிரீனல் சுருங்கும்.

பெரும் பொறி தைரொயிட் சோதனையில் இருக்கிறது. பல இடங்களில் ரி.எஸ்.எச். மட்டும் பார்ப்பார்கள். அதைச் சுரப்பதே கபச்சுரப்பிதான். அது கெட்டவரிலும் அளவு சாதாரணமாக வரலாம். "எல்லாம் சரி" என்று துண்டும் கிடைத்துவிடும். சுயாதீன ரி4 அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மாதவிடாய் நின்ற வயதில் எவ்.எஸ்.எச். உயர்ந்திருக்க வேண்டும், தாழ்ந்திருந்தால் அதுவும் நல்ல சான்று.

இன்சுலின் ஏற்றிக் குருதியின் சீனியை வேண்டுமென்றே இறக்கும் சோதனையும் உண்டு. திருத்தமானது, ஆனால் ஆபத்தானது. வலிப்பு, இருதய நோய் உள்ளோருக்கு ஆகாது.

இவற்றையெல்லாம் வைத்தியர் தாமாக நினைக்கமாட்டார். பத்து ஆண்டுக்கு முன் கடித்த பாம்பை யார் சொல்வது? பழைய துண்டைக் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். பிரசவத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நோய் உறுதியானால் கோட்டிசோலுக்கு ஈடான மாத்திரையே முதலில். தைரொயிட் மாத்திரை அதன் பின்னரே. மாறிக் கொடுத்தால் உயிராபத்து. உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது. காய்ச்சல் வந்தால் அளவை எவ்வளவு கூட்டுவது என்பதை முதல் நாளே கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.