தயங்கும் எஞ்சினும் தருக்க முறையும்

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுடன் எங்கும் சென்ற ஊர்தி ஜீப் ஆகும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துத் தொலீடோ நகரில் வில்லிஸ் நிறுவனம் 1941 முதல் 1945 வரை ‘எம்.பி.’ என்னும் வகையை ஆக்கிற்று. அதே அமைப்பைப் போர்ட் நிறுவனமும் ஆக்கி உதவிற்று. இரண்டுஞ் சேர்ந்து 6 இலட்சத்துக்கு மேற்பட்டன. அவற்றுட் சில, ஆர்வலரின் பராமரிப்பால் இன்றும் ஓடுகின்றன. நான்கு உருளைகள், 134 கன அங்குலக் கொள்ளளவு, 60 பரிவலு, 6 வோல்ற்று மின்சாரம்: இவையே அதன் எஞ்சினின் இலக்கணம். பழுதைத் தானே அறிவிக்கும் இலத்திரன் கருவி யாதும் அதில் இல்லை. ஆதலின், பழுதைக் காண்பவன் அறிவையே கருவியாகக் கொள்ளல் வேண்டும்.

இத்தகைய வண்டிகளிற் பெரிதும் காணப்படுங் குறை தயக்கம் ஆகும். முடுக்கியை மிதித்தவுடன் எஞ்சின் விரைவு கொள்ளாது, ஒருகணம் மூச்சடைத்தாற்போல் நின்று, பின்னரே எழும். நாற்சந்தியைக் கடக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் அவ்வொரு கணமே விபத்துக்குப் போதியதாகும்.

தயக்கம் கண்டவுடன் காபுரேற்றரைக் குறைகூறுதல் பலரின் வழக்கம். புகையைக் கண்டு நெருப்பை அனுமானித்தல் தகும். ஏனெனில், நெருப்பில்லாத இடத்திற் புகை இல்லை. ஆனால் காபுரேற்றரிற் குறையில்லாத இடத்தும் தயக்கம் உண்டு. ஆகவே தயக்கம் என்னும் ஏது, அம்முடிபை நிறுவ வல்லதன்று. இதனையே தருக்க நூலார் ஏதுப்போலி என்பர்.

தயக்கம் ஏன் நிகழ்கின்றது? முடுக்கியை மிதிக்க, காற்று வழியை அடைத்திருந்த தகடு திறக்கின்றது. காற்று இலேசானது, உடனே உட்பாய்கின்றது. பெற்றோல் கனமானது, பின்தங்குகின்றது. அன்றியும், குழாயினுள் அமுக்கம் திடீரென உயர்வதால், பெற்றோலின் ஒரு பகுதி ஆவியாகாது சுவரிற் படிகின்றது. இவ்வாறு கலவை ஒருகணம் நலிவடைகின்றது. இக்குறையை ஈடுசெய்யவே காபுரேற்றரினுள் ஒரு சிறு பம்பி உளது. மிதிக்கும் அக்கணத்தில் அது பெற்றோலைப் பீச்சுகின்றது. அதன் தோல் வளையம் உலர்ந்து சுருங்கினால் தயக்கம் தோன்றும்.

ஆதலின் முதல் வினா ‘எப்பொழுது?’ என்பதாம். மிதித்த கணத்தில் மட்டும் தயங்கி உடனே தெளியுமாயின், அச்சிறு பம்பியை ஐயுறலாம். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, காபுரேற்றரின் வாயைத் திறந்து தகட்டைக் கையால் அசைக்க, பெற்றோல் தாரையாகப் பாய்தல் வேண்டும். மேட்டில் சிறிதுநேரம் இழுத்த பின்னர் தளருமாயின், பெற்றோல் வரத்துக் குறைவே காரணமாகலாம். அந்நிலையில் சாரதியின் ஆசனத்தின் கீழுள்ள தொட்டியின் வண்டலையும், மூடியின் காற்றுத் துளையையும், வடியையும், பெற்றோல் பம்பியின் மென்சவ்வையும் முறையே நோக்குக. எதனோல் கலந்த இக்காலப் பெற்றோல் பழைய இறப்பர்ப் பகுதிகளைக் கெடுக்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. எஞ்சின் சூடேறிய பின்னரே தயங்குமாயின், மின்சுருளையும் கொண்டென்சரையும் ஐயுறுதல் தகும்.

அடுத்து, பெற்றோற் குறையா, தீப்பொறிக் குறையா எனப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்றுண்டு. தயங்கும் வேளையில் சோக்கைச் சிறிது இழுக்க, எஞ்சின் சீர்ப்படுமாயின் கலவை நலிந்திருந்தது என்பது பெறப்படும். பெற்றோல் வரத்துக் குறைந்திருக்கலாம், அல்லது குழாய் இணைப்பிற் காற்றுக் கசியலாம். சீர்ப்படாது மேலும் மோசமாயின் தீப்பொறிப் பக்கம் திரும்புக. கடல்மட்டத்தை அண்டிய இடத்தில், நல்ல எஞ்சின் மெதுவாக ஓடும்போது, வெற்றிடமானியின் முள் 17 முதல் 21 அங்குல இரசத்தில் அசையாது நிற்கும். அது தாழ்ந்து நிற்பின் காற்றுக் கசிவோ பிந்திய தீப்பொறியோ உண்டு. ஒழுங்காக விட்டுவிட்டு விழுமாயின் வால்வு ஒன்றிற் குறையுண்டு.

தீப்பொறியைச் சீர்செய்த பின்னரே காபுரேற்றரைத் தொடுதல் முறை. பொயின்ற்றின் இடைவெளி 0.020 அங்குலமும், பிளக்கின் இடைவெளி 0.030 அங்குலமும் ஆகும். இவ்வளவுகள் பிழைத்திருக்கக் காபுரேற்றரைத் திருத்துவது, வளைந்த அளவுகோலால் நேர்கோடு வரைதலை ஒக்கும்.

யாவற்றினும் தலையாய விதி, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதல் ஆகும். மூன்று பகுதிகளை ஒருங்கு மாற்றினால் வண்டி ஓடலாம். ஆயின் நோய் எதுவென்று தெரியாது போம். அதனினும் பெரிய இழப்பும் உண்டு. குறையற்ற பழைய காபுரேற்றரைக் கழற்றி எறிந்து புதியதைப் பூட்டியவன், சில நாளின் பின் மலிவான ஒரு கொண்டென்சரே குற்றவாளியெனக் காணின், எறிந்ததை எங்ஙனம் மீட்பான்? எண்பது ஆண்டு காத்த வரலாற்றுச் சின்னத்தின் ஓர் உறுப்பு அவசர முடிபு ஒன்றால் அழிந்தொழியும். காரணத்தை ஆராயாத மாற்றம் திருத்தமன்று. எஞ்சின் தயங்கும்போது, அதனைத் திருத்துவோனின் கையும் சற்றே தயங்குதல் நன்று.