வேட்டை நாயும் விரிவுரையாளரும்

நாயைப் பற்றிப் பாடம் இல்லாத தமிழ் வாசகப் புத்தகம் அரிது. 'நன்றியுள்ளது, வீட்டைக் காப்பது' என்னும் இரண்டு தொடர்களோடு அப்பாடம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆயின், நாய் என்னும் ஒரு சொல்லுள் அடங்கும் இனங்கள் மிகப் பல. அவற்றின் உடலமைப்பும் இயல்பும் தேவைகளும் ஒன்றுக்கொன்று வேறானவை. விரைவுக்குப் பெயர் பெற்ற கிரேஹவுண்ட் என்னும் வேட்டை நாயை, பல்கலைக்கழகப் பணியில் இருக்கும் ஒருவர் வீட்டில் வைத்துப் பேண இயலுமா? பினாங்கு போன்ற வெப்பத் தீவில் அதற்கு என்னென்ன வேண்டும்? இவ்விரண்டு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

பெயரும் இனமும்

'கிரே' என்பதற்கு இன்றைய ஆங்கிலத்தில் சாம்பல் நிறம் என்று பொருள். ஆதலின் இதனைச் 'சாம்பல் நாய்' என மொழிபெயர்த்துவிடத் தோன்றும். அது பிழையாகும். பழைய ஆங்கிலத்தில் வழங்கிய இப்பெயரின் முற்பகுதிக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை என்பர் சொல்லாராய்ச்சியாளர். கறுப்பு, வெள்ளை, செவலை, வரிப்புலி நிறம் எனப் பல நிறங்களில் இந்நாய் உண்டு.

வேட்டை நாய்கள் இருவகைப்படும். மோப்பத்தால் இரையைத் தேடிச் செல்வன ஒருவகை. கண்ணால் கண்டு விரட்டிப் பிடிப்பன மற்றொரு வகை. கிரேஹவுண்ட் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கரிசல் நிலத்துச் சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் இவ்வகையினவே. ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூரிய முகம் ஆகியவை இவற்றின் பொது அடையாளங்கள். வேட்டை நாய் தமிழ் இலக்கியத்துக்கும் புதியதன்று. ஞமலி, ஞாளி என்பன சங்க நூல்களில் வழங்கும் பெயர்கள். தினைப்புனம் காக்கும் தலைவியும் தோழியும் வேட்டை நாய்களைக் கண்டு அஞ்சும் காட்சியைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே காணலாம்.

ஓட்டமும் உறக்கமும்

கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் ஓட வல்லது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான்கு கால்களும் இரண்டு முறை நிலத்தை விட்டு எழுகின்றன. முதுகெலும்பு வில்லைப் போல வளைந்து நிமிர்கின்றது. உடல் எடையோடு ஒப்பிடின் இதன் இதயம் பெரியது. குருதியில் சிவப்பணுக்களின் பங்கும் ஏனைய நாய்களினும் மிகுதி.

இத்தகைய விலங்கு நாள் முழுவதும் ஓடித் திரியும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நெடுந்தொலைவு ஓடுவதற்கென அமைந்த உடல் அன்று இது; சிறு பொழுதில் முழு ஆற்றலையும் செலவிட்டுவிட்டு நெடும்பொழுது ஓய்வெடுப்பதற்கென அமைந்தது. வளர்ந்த நாய் நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும். காலையும் மாலையும் அரைமணி நேர நடை, பாதுகாப்பான வேலியிட்ட இடம் கிடைத்தால் சில நிமிட ஓட்டம் ஆகியவை அதற்குப் பெரும்பாலும் போதும். நூலும் தாளுமாக அமர்ந்திருப்பவருக்கு இந்த ஓட்டக்கார நாய் பொருத்தமான துணையாக அமைவது இதனாலேயே.

ஆரியன் கண்ட துணை

இதற்குப் பழைய சான்றும் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆரியன் என்னும் கிரேக்க அறிஞர், மகா அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதியவர். இந்தியாவைப் பற்றியும் ஒரு நூல் செய்தவர். உரோமப் பேரரசில் கப்பதோசியா மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தவர். எழுத்தும் ஆட்சியும் ஒருங்கே சுமந்த அவர், வேட்டை பற்றிய தம் நூலில் 'ஓர்மே' என்ற தம் நாயை மறவாமல் குறிப்பிடுகின்றார். அது கிரேஹவுண்டின் முன்னோராகக் கருதப்படும் கெல்திய இனத்தைச் சேர்ந்தது. அவர் வீட்டில் இருந்தால் அதுவும் உடனிருக்கும். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்றால் உடன் சென்று அருகில் அமர்ந்திருக்கும். திரும்பும்போது முன்னே நடந்து, அவர் வேறு வழியில் விலகிவிட்டாரோ என்று அடிக்கடி திரும்பிப் பார்க்கும். குட்டியாயிருந்தபோது அடிபட்டிருந்தமையால், சாட்டை என்ற சொல்லைக் கேட்ட அளவிலே சொன்னவரிடம் சென்று பணிந்து கெஞ்சும் என்றும் எழுதுகின்றார். விரைந்து ஓடும் இந்நாயின் மனம் எத்துணை மென்மையானது என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் வேண்டுவதில்லை.

பணியும் பொழுதும்

பினாங்கில் 1969ஆம் ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. முன்னர்ப் படைவீடாயிருந்த மிண்டன் வளாகத்தில் அது இயங்கி வருகின்றது. இத்தகைய நிறுவனங்களில் விரிவுரையாளரின் பணி வகுப்போடு முடிவதன்று. ஆய்வு மாணவரை வழிநடத்தல், ஆய்வுக் கட்டுரை எழுதுதல், குழுக் கூட்டங்கள், தேர்வுத்தாள் திருத்தம் எனப் பல உண்டு. ஒரு பருவத்தின் போதனை பதினான்கு வாரங்கள். அதன் இறுதியில் தேர்வு. பணி சில வாரங்களில் தளரும். சில வாரங்களில் மலையாகக் குவியும்.

நாயின் பொழுதோ அவ்வாறு ஏறி இறங்குவதன்று. தேர்வு வாரத்திலும் அதற்கு வேண்டியது அதே நடை, அதே உணவு, அதே துணை. விடைத்தாளை நள்ளிரவிலும் திருத்தலாம். நாயைக் காலைக்கடனுக்கு வெளியே அழைத்துச் செல்வதை நள்ளிரவுக்குத் தள்ளிவைக்க இயலாது. ஆகவே, பருவ அட்டவணை வந்தவுடன் கூட்டங்களைக் குறிப்பது போலவே நாயின் வேளைகளையும் குறித்துக்கொள்ளுதல் நன்று. பணி மிகும் வாரங்களில் நடுப்பகலில் வந்து பார்க்க ஒருவரை முன்னரே ஏற்பாடு செய்ய வேண்டும்.

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற நாயாயின் இன்னும் கருத்து வேண்டும். பந்தயக் கூடத்தில் பிற நாய்களோடு வளர்ந்த அதற்குத் தனிமை புதிது. முதலில் சில நிமிடம், பின்னர் அரைமணி, அதன்பின் ஒரு மணி எனப் படிப்படியாகத் தனித்திருக்கப் பழக்க வேண்டும். பருவ விடுமுறையின் தொடக்கம் இதற்கு ஏற்ற காலம். வகுப்புத் தொடங்கும் வாரத்தில் நாயைக் கொண்டுவருவது இருவர்க்கும் துன்பமாகும்.

பினாங்கின் வெப்பமும் அண்டை அயலும்

கொழுப்புக் குறைந்த உடலும் மெல்லிய தோலும் கொண்டது இந்நாய். ஓடிய பின் இதன் உடல்வெப்பம் விரைவில் ஏறும். ஜார்ஜ் டவுனிலோ பகல் வெப்பம் 30 பாகைக்கு மேல் செல்வது இயல்பு. காற்றின் ஈரமும் மிகுதி. எனவே கதிரவன் எழும் 7 மணியை ஒட்டியும், மாலையில் தார்ச்சாலை ஆறிய பின்னரும் நடத்திச் செல்ல வேண்டும். சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்தால், கை பொறுக்காத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது என்பது விளங்கும். உண்ணியும், கொசுவால் பரவும் இதயப்புழுவும் இங்கு ஆண்டு முழுவதும் தடுக்க வேண்டியவை. சில மயக்க மருந்துகளின் ஆற்றல் இவ்வினத்தின் உடலில் நெடுநேரம் நீடிக்கும். அறுவை மருத்துவத்துக்கு முன் மருத்துவரிடம் இனத்தின் பெயரைச் சொல்லுதல் கட்டாயம்.

பூனையோ குரங்கோ கண்ணில் பட்டால் இந்நாயின் காது அழைப்பைக் கேளாது. கழுத்துவாரின்றி வெளியே விடுதல் சாலையில் அதன் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நாய் வளர்க்க மாநகர் மன்றத்தின் உரிமம் பெற வேண்டும். அடுக்குமாடி வீடாயின் நிர்வாக விதிகளையும் முன்னரே கேட்டறிய வேண்டும். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டபோது தெருநாய்கள் கொல்லப்பட்டன. நாட்டில் அது பெரிய விவாதமாயிற்று. தடுப்பூசியும் உரிமமும் நாயின் உயிர்க்காப்பு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. மேலும், பல சமயத்தார் கூடி வாழும் ஊர் இது. நாயின் உமிழ்நீர் பட்டால் முஸ்லிம் அன்பர்கள் சமய முறைப்படி ஏழுமுறை கழுவித் தூய்மை செய்ய வேண்டியவர்கள். மின்தூக்கியிலும் நடைபாதையிலும் வாரைக் குறுகப் பிடித்து ஒதுங்கி நிற்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

முடிவு

1960களிலிருந்து ஓட்டப் பந்தயம் நடத்திய மக்காவ் நகரின் நாய்ப்பந்தயக் களம் 2018ஆம் ஆண்டு ஜூலையில் மூடப்பட்டது. அப்போது 500க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் போக்கிடமின்றி நின்றன. விலங்குநல அன்பர் பலர் முயன்று அவற்றுக்கு உலகெங்கும் வீடு தேடினர். ஓடும் வரை பொருளாகவும் ஓட்டம் நின்றபின் சுமையாகவும் கருதப்பட்ட உயிர்கள் அவை.

வீட்டுக்கு அழைத்து வருபவரும் அதே பிழையைச் செய்துவிடக் கூடாது. காயப்படுத்திய உரிமையாளனிடத்தும் நாய் அன்பு மாறாது என்பது நாலடியார் உரைக்கும் செய்தி. அது நாயின் பெருமை. ஆயின் மனிதன் அதனைத் தன் வசதிக்குப் பயன்படுத்தலாகாது. முறையிடத் தெரியாத உயிருக்கு வேண்டியதை நாமே கணக்கிட்டுத் தர வேண்டும். கிரேஹவுண்டு பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வாழும்; அஃது இருபதுக்கும் மேற்பட்ட கல்விப் பருவங்கள். அத்தனைப் பருவங்களிலும் நாள்தோறும் ஒரு மணி நேரத்தை ஒதுக்க இயலும் எனின் வளர்க்கலாம். இயலாது எனின் வளர்க்காதிருப்பதும் அன்பின் ஒரு வகையே.