பங்காளி ஏன் விலகினார் என்று கேட்டீர்களா?

பல வருடங்களுக்கு முன்னர் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து புடவைச் சரக்கு இறக்குமதி செய்தோம். மூன்றாவது கொள்கலன் வந்து இறங்கியதும் எங்களில் ஒருவர், "காசு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, நான் விலகிக்கொள்கிறேன்" என்றார். கணக்குப் பார்த்து அவருடைய பங்கைக் கொடுத்தோம். ஸலாம் சொல்லிப் பிரிந்தோம். மற்ற இருவரும் அடுத்த வருடமே ஒதுங்கிக்கொண்டார்கள்.

நீண்ட காலம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவரைச் சந்தித்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. அவருடைய ஊரில் ஓடும் நிறங்களை ஒரு தடவை கூட நாங்கள் எடுக்கவில்லையாம். இரண்டு முறை சொன்னாராம், எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். "மூன்றாவது முறை சொன்னால் மனஸ்தாபம் வரும் என்று விட்டுவிட்டேன்" என்றார். ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விடயம் அது.

இந்தக் கதையை இப்போது நினைவுக்குக் கொண்டு வந்தது, அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களும் கைத்தொழில் கம்பனிகளும் கூட்டாக நடத்தும் ஆய்வு நிலையங்களைப் பற்றி அண்மையில் வாசித்த சில விபரங்கள். பேராசிரியர்களின் ஆராய்ச்சிக்கும் நமது கடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். தொடர்பு இருக்கிறது.

அந்நாட்டின் தேசிய விஞ்ஞான மன்றம் 1973இல் ஒரு பரீட்சார்த்த முயற்சியில் இறங்கியது. கம்பனிகளையும் ஆய்வாளர்களையும் இணைப்பதற்கு மூன்று வழிகள் பரீட்சித்துப் பார்க்கப்பட்டன. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தளபாடக் கைத்தொழிலுக்கென ஒன்று, நியூ இங்கிலாந்துப் பகுதியின் மின்சாரக் கம்பனிகளுக்கென ஒன்று, எம்.ஐ.டி. நிறுவனத்தில் பிளாஸ்டிக் போன்ற பொலிமர் பொருட்களுக்கென ஒன்று. இவற்றில் எம்.ஐ.டி.யில் ஆரம்பித்தது மாத்திரமே சொந்தக் காலில் நின்றது. அந்த மாதிரியைப் பின்பற்றியே பின்னர் நாடெங்கும் கூட்டு ஆய்வு நிலையங்கள் தோன்றின.

ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு கம்பனியும் ஆண்டுதோறும் அங்கத்துவக் கட்டணம் செலுத்துகிறது. எல்லோருடைய பணமும் ஒன்றாகச் சேர்ந்து ஆராய்ச்சிக்குப் போகிறது. பலனும் எல்லோருக்கும் பொது. மன்றம் நிர்வாகச் செலவுக்குக் கைகொடுக்கிறது. எந்த ஆராய்ச்சியைச் செய்வது என்று ஆலோசனை கூற, கம்பனிகளின் பிரதிநிதிகளைக் கொண்ட சபை வருடத்துக்கு இரண்டு முறை கூடுகிறது.

இங்கேதான் எனது பங்காளியின் பிரச்சினை வருகிறது. பேராசிரியர் படித்தவர், மதிப்புக்குரியவர். காசு கொடுத்தவர் அவர் முன்னால் "இது எனக்குப் பிரயோசனப்படாது" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவார். பேசாமல் இருந்துவிட்டு அடுத்த வருடம் கட்டணத்தை நிறுத்திவிடுவார்.

இதற்காகவே ஒவ்வொரு நிலையத்திலும் மதிப்பீட்டாளர் ஒருவர் இருக்கிறார். அவர் கணக்காய்வாளர் அல்லர். பணத்தை எண்ணுவதற்கு வேறு ஆள் உண்டு. பெரும்பாலும் உளவியல், சமூகவியல் அல்லது முகாமைத்துவம் படித்த ஒருவராகவே இருந்து வந்தார். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் அந்த ஆராய்ச்சியில் அவருக்குப் பங்கு இருக்காது.

சபை கூடும்போது ஆய்வாளர்கள் தமது திட்டங்களை விளக்குவார்கள். உடனேயே கம்பனிப் பிரதிநிதிகள் ஒரு படிவம் நிரப்புவார்கள். "லைஃப்" என்று அதற்குப் பெயர். மிகவும் விருப்பம், விருப்பம், மாற்றம் செய்தால் விருப்பம், விருப்பமில்லை என்று குறித்து, காரணத்தையும் எழுத வேண்டும். அந்தக் கருத்துகள் சபையின் முன் வைக்கப்படும். கூட்டம் கலைவதற்கு முன்னரே ஆய்வாளர் பதில் சொல்ல வேண்டும். மனக்குறை ஒரு வருடம் உள்ளே கிடந்து புளிக்க இடமில்லை.

ஒரு கம்பனி விலகினால் மதிப்பீட்டாளர் அதனுடன் தொடர்புகொண்டு காரணத்தைக் கேட்டறிவார். வருடாந்தம் இரு தரப்பினரிடமும் வினாக்கொத்துக் கொடுத்து, திருப்தி எப்படி, கிடைத்த பயன் என்ன என்று அறிந்து அறிக்கை எழுதுவார். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் டெனிஸ் கிரே பல வருடங்களாக இந்த மதிப்பீட்டுப் பணிக்குத் தலைமை தாங்கியவர். ஜோர்ஜ் வோல்டர்ஸ் என்பவருடன் சேர்ந்து, இந்நிலையங்களை நடத்துவோருக்கான கைநூல் ஒன்றையும் 1998இல் வெளியிட்டார்.

மதிப்பீட்டாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. திட்டத்தை நிறுத்தவும் முடியாது, பணிப்பாளரை மாற்றவும் முடியாது. கேட்பது, எழுதுவது, சொல்வது, இவ்வளவுதான். ஆனால் அவர் சொல்வதை இரு தரப்பும் நம்ப வேண்டும். பணிப்பாளருக்கு நல்ல பிள்ளையாக நடந்து புகழ்ந்து மட்டும் எழுதினால், அவர் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இது நமக்குப் புதிய பாடமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படியும், எழுதுபவர் இரு தரப்புக்கும் இடையில் நீதியோடு எழுத வேண்டும் என்றும் ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனம் எமக்குக் கட்டளையிடுகிறது. நடுவில் நீதியோடு எழுதும் மூன்றாவது ஆளின் பெறுமதியை எமக்கு எப்போதோ சொல்லித் தந்துவிட்டார்கள். நாம்தான் "நமக்குள் எதற்கு எழுத்து?" என்று கூறிக்கொண்டு திரிகிறோம்.

நமது நாட்டிலும் 2017இல் உலக வங்கியின் உதவியுடன் ஆரம்பமான உயர்கல்வித் திட்டத்தின் கீழ், பல்கலைக்கழகங்களில் வணிக இணைப்புப் பிரிவுகளுக்கு ஊக்கமளிக்கப்பட்டது. நாளை ஒரு பல்கலைக்கழகம் உங்கள் அரிசி ஆலைக்கோ தோல் பொருள் தொழிலுக்கோ கூட்டு ஆய்வு செய்ய அழைத்தால், காசைப் பற்றிப் பேச முன்னர் ஒரு கேள்வி கேளுங்கள். "எங்களுக்குத் திருப்தியில்லை என்றால் அதை யாரிடம் சொல்வது?"

சாதாரணக் கூட்டு வியாபாரத்துக்கும் இதுவே வழி. பங்கில்லாத, இரு தரப்பும் மதிக்கும் ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பங்காளியையும் தனித்தனியாகச் சந்தித்து, குறையைக் கேட்டு எழுதட்டும். அதை எல்லோரும் கூடியிருக்கும்போது பெயர் குறிப்பிடாமல் வாசிக்கட்டும். எவராவது விலகினால், கணக்கை முடித்து அனுப்புவதோடு நிற்காமல் காரணத்தையும் கேட்கட்டும்.

எங்கள் நால்வருக்கு இடையிலும் அப்படி ஒருவர் இருந்திருந்தால், அந்த நான்காவது ஆள் கேட்ட நிறத்தில் நாலு பேல் புடவை எடுத்திருப்போம். கூட்டும் நிலைத்திருக்கக்கூடும்.

வல்ல அல்லாஹ் எமது கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத் செய்வானாக.