150-ஆ, 160-ஆ? ஸ்போர்ட்ஸ் செடான் தேடிய குறிப்புகள்

அடுத்த கார் செடான்தான் என்று சொன்னால் நண்பர்கள் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். "இந்தக் காலத்துல யாருப்பா செடான் வாங்குறா?" ஒரு வகையில் நியாயமான கேள்விதான். எஸ்யூவி அலையில் இந்தப் பிரிவே சுருங்கிவிட்டது, மாருதி சியாஸ்கூட 2025-ல் நின்றுபோனது. ஆனால் எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். வளைவில் சாயாமல், தரையோடு ஒட்டி ஓடும் வண்டி வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஓடிய ஹாட்ச்பேக் ஓய்வு கேட்கிறது. ஆன்-ரோடு 23 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. கடன் ஏழு வருஷம். ஆகவே அவசரப்படாமல் மூன்று மாதம் படித்தேன், ஓட்டிப் பார்த்தேன், குறித்து வைத்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுத்த சைவர்கள் கணக்கில் ஸ்போர்ட்ஸ் செடான் என்றால் பிஎம்டபிள்யூ எம்340ஐ மாதிரி இருக்க வேண்டும். ஆறு சிலிண்டர், 500 நியூட்டன் மீட்டர் டார்க். நம்ம சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில்தான் அதைப் பூட்டுகிறார்கள். அந்த வழியாகப் போகும்போது கேட்டைப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். என் பட்ஜெட்டில் வருவது ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ் ஜிடி, அதன் உடன்பிறப்பு ஸ்கோடா ஸ்லாவியா 1.5, ஹுண்டாய் வெர்னா டர்போ, ஹோண்டா சிட்டி. நாலுமே முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள், நாலுக்குமே பின்னால் இருப்பது எளிமையான டார்ஷன் பீம் சஸ்பென்ஷன்.

சேல்ஸ்மேன்கள் முதலில் சொல்வது குதிரைத்திறன். வெர்னா டர்போ 160 பிஎஸ், வெர்டஸ் ஜிடி 150, சிட்டி 121. "சார், பத்து குதிரை எக்ஸ்ட்ரா சார்." இந்தப் பத்து குதிரை எங்கே மேய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரொம்ப எளிய சூத்திரம்தான்: டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். அதை 1.36-ஆல் பெருக்கினால் பிஎஸ்.

வெர்டஸின் 250 நியூட்டன் மீட்டர் 1,600 முதல் 3,500 ஆர்பிஎம் வரை கிடைக்கிறது. வெர்னாவின் 253, 1,500 முதல் 3,500 வரை. 3,500-ல் கணக்குப் போட்டால் வெர்டஸுக்குச் சுமார் 124.5 பிஎஸ், வெர்னாவுக்கு 126. வித்தியாசம் ஒன்றரைக் குதிரை! அந்தப் பத்தும் முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் 5,000-ஐத் தாண்டி முறுக்க வேண்டும். ஜிஎஸ்டி ரோட்டில் அதுக்கு எங்கே இடம்? பெருங்களத்தூரில் 2,000-ஐத் தாண்டினாலே முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நிற்கும்.

சிட்டி கதை வேறு. டர்போ கிடையாது, 145 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4,300-ல். தாராளமாக அந்த 145-ஐ 3,500-லேயே கொடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும் 72 பிஎஸ்தான் வருகிறது. ஆக, காகிதத்தில் 150-க்கு 121 என்று தெரிவது, தினசரி ஓட்டும் ஆர்பிஎம்மில் 124-க்கு 72. ஹைவேயில் லாரியைத் தாண்டும்போது காலுக்குத் தெரிவது இந்த வித்தியாசம்தான். சிட்டியின் எஞ்சின் பட்டு மாதிரி, குறையே சொல்ல முடியாது. ஆனால் நான் தேடியது அதை இல்லை.

அடுத்தது கியர்பாக்ஸ். எனக்கு அதிக நேரம் எடுத்தது இதுதான். வெர்டஸ், ஸ்லாவியா 1.5-ல் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் ஏழு கியர் டிஎஸ்ஜி. வெர்னா டர்போவிலும் ஏழு கியர் டிசிடி. இரண்டும் இரட்டை கிளட்ச், அதிலும் உலர் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களை ஒரு கிளட்ச் பார்த்துக்கொள்ளும், இரட்டைப்படையை இன்னொன்று. அடுத்த கியர் எப்போதும் தயாராக இருப்பதால் மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். ஓடும் வேகத்தில் அபாரம்.

ஆனால் டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது அந்தக் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்கிறது. மேனுவலில் நாம் அரைக் கிளட்சில் நிற்பதை இங்கே கம்ப்யூட்டர் செய்கிறது. குளிர்விக்க எண்ணெய் இல்லை, சூடு காற்றில்தான் ஆற வேண்டும். சாதாரண டார்க் கன்வெர்ட்டரில் இந்த வேலையைத் திரவம் செய்வதால் தேய்மானம் பெரிதாக இல்லை. ஆனால் அந்த ஆறு கியர் பாக்ஸ் 1.0 எஞ்சினோடு மட்டும்தான் வருகிறது. 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர். முழுக்க ஊருக்குள் ஓட்டுபவர் என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

இன்னொரு தகவல்: இந்த டிஎஸ்ஜி தாங்கும் உச்ச டார்க் 250 நியூட்டன் மீட்டர். எஞ்சின் கொடுப்பதும் அதே 250. வண்டி வாங்கிய கையோடு ரீமேப் போட்டு சக்தியைக் கூட்டலாம் என்று நினைக்கிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவும்.

ஷோரூம் டெஸ்ட் டிரைவ் ஆறு கிலோமீட்டர், நல்ல ரோடு, ஏசி உச்சத்தில், பக்கத்தில் பேசிக்கொண்டே வரும் ஆள். இதில் எதுவும் தெரியாது. நான் கேட்டு வாங்கியது மூன்று: மோசமான ரோடு ஒன்று, ஒரு யூ-டர்ன், பாட்டை அணைத்துவிட்டு 80-ல் இரண்டு நிமிஷம். ஒரு ஷோரூமில் மறுத்தார்கள், இன்னொன்றில் சந்தோஷமாக விட்டார்கள்.

மோசமான ரோட்டில் வெர்டஸ் மெதுவாகப் போகும்போது சற்றுக் கடினம், சின்னப் பள்ளம்கூட இடுப்புக்குச் சேதி சொல்லும். வேகம் கூடக்கூட அமைதியாகிவிடுகிறது. வெர்னா நேர்மாறு. ஊருக்குள் இதமாக இருக்கிறது, ஸ்டியரிங் விரலால் சுற்றலாம். ஆனால் நூறுக்குப் பக்கத்தில் அலை அலையான ரோட்டில் மேலும் கீழும் அசைவது எனக்குப் பிடிக்கவில்லை. பிரேக்கில் வெர்னா டர்போ ஒரு படி மேல்: பின்னாலும் டிஸ்க். நான் ஓட்டிய வெர்டஸில் பின்னால் டிரம். இந்த விலையில் அது கஞ்சத்தனம். பாதுகாப்பில் மட்டும் வெர்டஸ், ஸ்லாவியா, வெர்னா மூன்றுக்கும் 2023-ல் குளோபல் என்கேப் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டதால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

நண்பர் ஒருவர் வெர்டஸ் மேனுவல் வைத்திருக்கிறார். அதில் கொல்லிமலை ஏறினோம், 70 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல் இரண்டாவது கியரிலேயே போய்விட்டது. ஆனால் வளைவில் ஆர்பிஎம் 1,500-க்குக் கீழே இறங்கிவிட்டால் டர்போ தூங்கிவிடும். எழுப்ப முதல் கியர் வேண்டும். ஏழெட்டு வளைவுக்குள் கை பழகிவிட்டது. சிரித்துக்கொண்டே ஓட்டினேன் என்று பின்னால் உட்கார்ந்தவர்கள் புகார்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. எல்லா வண்டியிலும் பின்சீட்டில் ஏறி இறங்கச் சொன்னேன். "என்னடா, கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி இருக்கு" என்றார், எல்லாவற்றுக்கும். வெர்னாவில் கூரை பின்னால் சரிந்து வருவதால் தலையும் குனிய வேண்டியிருந்தது. சிட்டியில்தான் அவருக்குக் கொஞ்சம் சௌகரியம். எஸ்யூவி ஆட்கள் ஜெயிக்கும் இடம் இது, ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் அவரே முன்சீட்டைப் பின்னால் தள்ளி, உயர்த்தி வைத்து, "எனக்கு இது போதும்" என்று முடித்துவிட்டார்.

இனி பணம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோது இந்த வகைக் கார்களின் வரி, செஸ்ஸோடு சேர்த்து 45 சதவீதமாக இருந்தது 40 ஆனது. ஆனால் தமிழ்நாட்டு சாலை வரி 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதைத் தாண்டினால் 20. ஷோரூம் விலை 19 லட்சம் என்றால் சாலை வரி மட்டும் 3,42,000. உச்ச வேரியண்டில் சன்ரூஃபுக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு லட்சத்தோடும் 18,000 சேர்ந்தே போகிறது. பத்து லட்சத்துக்கு மேல் ஒரு சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியில் ஒரு விலை கேட்டுக் காட்டினேன், அவர்கள் விலையும் உடனே இறங்கியது.

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, மீதி இரண்டு நாள் மின்சார ரயில். வண்டி ஓடுவது பெரும்பாலும் ஊருக்குப் போகும்போதுதான். ஆகவே வெர்டஸ் ஜிடி, 1.5, மேனுவல். தினமும் கிண்டி வரை ஓட்ட வேண்டியிருந்தால் இதையே எடுத்திருக்க மாட்டேன். முன்பணம் கட்டியாச்சு. நிறம் மட்டும் பாக்கி: எனக்கு சிவப்பு, வீட்டில் வெள்ளை.