பின்னம் கற்பித்தல்: நான்காம் ஐந்தாம் வகுப்புக்களுக்குரிய சில செய்முறைகள்

ஆரம்பக் கல்வியின் மேல் வகுப்புக்களிற் கணிதம் பயிலும் சிறார்க்கு முதன்முதல் எதிர்ப்படும் பெருந்தடை பின்னமேயாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் என்னும் நான்கினையும் தடையின்றிச் செய்துவந்த பிள்ளை, பின்னத்தைக் கண்டவுடன் தயங்கி நிற்பதை ஆசிரியர் பலரும் அறிவர். தயக்கம் தீராது மேல்வகுப்புக்குச் சென்ற பிள்ளை, விகிதம், சதவீதம், அட்சரகணிதம் ஆகிய ஒவ்வொன்றிலும் அதே தடையை மீண்டும் மீண்டும் சந்திக்கின்றது. ஈற்றிலே, கணிதம் தனக்கு வராது என்னும் முடிவுக்கும் வந்துவிடுகின்றது. பத்து வயதிற் பின்னத்தைப் பற்றிய அறிவு எத்தகையதாய் இருந்ததோ அதுவே உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணாக்கன் பெறும் கணிதத் தேர்ச்சியை முன்னறிவிக்கின்றது என்பதனை, ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா ஆகிய நாடுகளிற் சேர்த்த தரவுகளைக் கொண்டு ராபர்ட் சீக்லர் முதலியோர் 2012 ஆம் ஆண்டிற் காட்டினர். ஆதலின் இப்பாடத்தை எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்பது சிறு வினாவன்று.

இடர்ப்பாடு எங்கே தோன்றுகின்றது என்பதை முதற்கண் நோக்குவோம். முழு எண்களைப் பற்றிப் பிள்ளை நான்கு ஆண்டுகளாகக் கற்ற உண்மைகள் பின்னத்திற் பொருந்துவதில்லை. 4 என்பது 3 இலும் பெரிது. ஆனால் 1/4 என்பது 1/3 இலும் சிறிது. பெருக்கினால் எண் வளரும் என்று கற்ற பிள்ளைக்கு, அரையை அரையாற் பெருக்கக் கால் வருவது வியப்பாகின்றது. எனவே அது பின்னத்தை ஓர் எண்ணாகக் கருதாது, கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கும் இரண்டு தனி எண்களாகவே கருதத் தலைப்படுகின்றது. 1978 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த தேசியக் கல்வி மதிப்பீட்டிலே, 12/13 உம் 7/8 உம் சேர்ந்தால் ஏறத்தாழ எவ்வளவு என்று 13 வயதுப் பிள்ளைகள் வினவப்பட்டனர். இரண்டு பின்னங்களும் ஒன்றுக்கு மிக அணித்தானவை. ஆதலின் விடை 2 என்பது வெளிப்படை. அவ்விடையைத் தெரிந்தோர் நூற்றுக்கு 24 பேரே. 28 பேர் 19 என்றும், 27 பேர் 21 என்றும் விடை கூறினர். மேலுள்ள எண்களையோ கீழுள்ள எண்களையோ கூட்டியதன் விளைவு இஃது. விதியை மனனஞ் செய்தல் மாத்திரம் பயனளிக்காது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அங்ஙனமாயின் யாது செய்வது? அறிவு முதலிற் செய்கையாகவும், பின்பு படமாகவும், அதன்பின் குறியீடாகவும் மனத்திற் பதிகின்றது என்பது ஜெரோம் புரூணர் என்னும் கல்வி அறிஞர் 1966 ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்து. பின்னத்துக்கு இம்முறை பெரிதும் பொருந்தும். ஆனால் நம் வகுப்பறைகளிற் பெரும்பாலும் குறியீடே முதலில் வந்துவிடுகின்றது. கீழே கூறப்படுவன அதிக செலவின்றி எப்பாடசாலையிலும் செய்யத்தக்கவை.

முதலாவது, கடதாசி மடித்தல். மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு தாளை எடுத்து, அதனை ஒரு காணி எனக் கொள்ளுக. யாழ்ப்பாணத்து வழக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். தாளை ஒருமுறை நடுவே மடித்தால் அரை ஏக்கர், அதாவது 8 பரப்பு. இருமுறை மடித்தாற் கால் ஏக்கர், 4 பரப்பு. மும்முறை மடித்தால் அரைக்கால், 2 பரப்பு. நான்காம் முறை மடித்து விரித்தால் 16 கட்டங்கள் தோன்றும். ஒரு கட்டம் ஒரு பரப்பு. இப்பொழுது, “நாலு பரப்பு என்பது ஏக்கரில் எத்தனை பதினாறில் ஒன்று? அதற்கு வேறு பெயர் யாது?” என வினவுக. 4/16, 2/8, 1/4 என்பன ஒரே நிலத்துக்குரிய மூன்று பெயர்கள் என்பதைப் பிள்ளை தன் கையிலுள்ள தாளிற் காணும். சமவலுப் பின்னம் என்னும் பெயரை அதன் பின்னரே கூறுதல் நன்று.

இரண்டாவது, நம் மொழியே தரும் துணை. அரை, கால், அரைக்கால் என்னும் சொற்களைப் பிள்ளைகள் வீட்டிற் கேட்டிருப்பர். அரைக்கால் என்பது காலின் அரை என்பதைச் சொல்லே விளக்குகின்றது. பழைய எண்சுவடியில் வரும் மாகாணி என்னும் சொல் இன்னும் நயமுடையது. மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையுங் கூட்டின் 5/80, அதாவது 1/16, இதுவே மாகாணி. சொல்லே ஒரு கூட்டற் கணக்காய் அமைந்திருத்தலைக் காண்க. மேலே மடித்த தாளின் ஒரு கட்டமும் இம்மாகாணியே. ஐந்தாம் வகுப்பு மாணாக்கருக்கு இதனை ஒரு புதிராகக் கொடுக்கலாம். தம் முன்னோர் பின்னத்தை இத்துணை நுட்பமாக வழங்கினர் என்னும் எண்ணம் பாடத்தின் மீது பற்றை உண்டாக்கும்.

மூன்றாவது, ஈர்க்குக் கணக்கு. மடித்தல் முறையில் மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகியவற்றைப் பெறுதல் எளிதன்று. ஆதலின் 12 சதமமீற்றர் நீளமான தென்னை ஈர்க்குகளை நறுக்கிக் கொடுக்க. முழு ஈர்க்கு ஒன்று என்க. அரை 6 சதமமீற்றர், மூன்றில் ஒன்று 4, காற்பங்கு 3, ஆறில் ஒன்று 2. இனி 1/2 உடன் 1/3 ஐக் கூட்டுமாறு கூறின், பிள்ளை அரைத்துண்டையும் மூன்றிலொரு துண்டையும் நீளவாட்டில் அடுத்தடுத்து வைக்கும். நீளம் 10 சதமமீற்றர். அஃதாவது 10/12, சுருக்கின் 5/6. விடை 2/5 என்று எழுதிய பிள்ளை தன் வழுவைத் தானே உணருமாறு செய்தலும் இங்கே எளிது. “2/5 அரையிலும் சிறிதன்றோ? அரையோடு ஒன்றைச் சேர்த்தபின் அது எப்படிக் குறைந்தது?” என வினவினாற் போதும். பிழையைச் சிவப்புக் கோட்டால் அடித்துவிடுவதிலும் இவ்வினா பன்மடங்கு பயன் தரும்.

நான்காவது, பங்கிடுதல். மூன்று உரொட்டிகளை நால்வருக்குச் சமமாகப் பங்கிடும் வழி யாது? வட்டமாக வெட்டிய கடதாசிகளைக் கொடுத்து, நால்வர் கொண்ட குழுக்களாக அமர்த்துக. ஒரு குழு ஒவ்வோர் உரொட்டியையும் நாலாக வெட்டி ஆளுக்கு மூன்று கால் கொடுக்கும். வேறொரு குழு இரண்டை அரையாக்கி, மூன்றாவதை நாலாக்கி, ஆளுக்கு அரையும் காலும் கொடுக்கும். இரண்டும் முக்காலே. 3/4 என்பது மூன்றை நாலாற் பிரித்தல் என்னும் உண்மையும் இங்கே புலப்படும். பெரிய உரொட்டியின் காலும் சிறிய உரொட்டியின் காலும் ஒன்றாகுமா என்றும் வினவுதல் வேண்டும். “எதன் கால்?” என்னும் வினாவைக் கேட்கப் பழகிய பிள்ளை பின்னர்ச் சதவீதத்திலும் தவறாது.

ஐந்தாவது, எண்கோடு. வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை கயிறொன்றைக் கட்டி, ஒரு முனையில் 0, நடுவில் 1, மறுமுனையில் 2 என எழுதிய அட்டைகளைத் தொங்கவிடுக. 1/2, 3/4, 5/4, 7/8, 1/8 முதலிய அட்டைகளை மாணாக்கர் தத்தமக்குரிய இடத்தில் மாட்டித் தம் காரணத்தையும் உரைத்தல் வேண்டும். பின்னம் ஒரு துண்டு மாத்திரமன்று, அதுவும் ஓர் எண்ணே என்பது இச்செய்கையால் விளங்கும். 5/4 ஒன்றைக் கடந்து நிற்றலைக் கண்ட பிள்ளைக்கு முறைமையில்லாப் பின்னம் புதுமையாகத் தோன்றாது. இதே கயிற்றிற் பின்னர் 0.5, 0.25 என்னும் அட்டைகளையும் மாட்டினால், தசமம் வேறோர் உலகமன்று என்பதும் தெளிவாகும்.

இவற்றைக் கையாளும்பொழுது ஆசிரியர் மனங்கொள்ள வேண்டியன சில உள. செய்கை விளையாட்டாக முடிந்துவிடலாகாது; ஒவ்வொரு செய்கையின் முடிவிலும் கண்டதைப் படமாக வரையவும், பின்னர்க் குறியீட்டில் எழுதவும் வேண்டும். பாடத்தின் இறுதி ஐந்து நிமிடத்தில், “1/6, 1/8 என்பவற்றுள் எது பெரிது? ஏன்?” என்பது போன்ற ஒரு வினாவுக்கு ஒவ்வொருவரும் சிறு துண்டிலே விடையெழுதிக் கொடுக்கட்டும். 'ஏன்' என்பதற்கு எழுதிய விடையே மறுநாட் பாடத்துக்கு வழிகாட்டும். பிள்ளைகள் நாற்பதின்மராயினும் அத்துண்டுகளைப் பார்த்து முடிக்க நெடுநேரம் செல்லாது.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை அணித்தாயிருக்க இவற்றுக்கு நேரமேது எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும், விளங்காத விதியைப் பன்முறை பயிற்றுவதிற் செல்லும் காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டு கிழமைகளிற் செய்கையாற் பெற்ற தெளிவு, பின்வரும் மாதங்களின் பயிற்சியைச் சுருக்கும். மேலும், பரீட்சை ஒருநாளில் முடிந்துவிடும். கணிதம் தனக்கு வரும் என்றோ வராது என்றோ பிள்ளை அவ்வயதிற் கொள்ளும் எண்ணம் நெடுங்காலம் நிலைக்கும். ஒரு தாளும் சில ஈர்க்குகளும் ஒரு கயிறும் அவ்வெண்ணத்தை நல்வழிப்படுத்த உதவுமாயின், அவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவருதல் ஆசிரியர்க்குக் கடனாகும்.