முதுகில் வட்ட வட்டமாய்: பெக்காம் கிண்ணம் என்ன செய்கிறது?

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் நீச்சல் குளத்தருகே அமெரிக்க வீரர் மைக்கல் ஃபெல்ப்ஸ் வந்து நின்றபோது, அவருடைய தோளிலும் முதுகிலும் ஊதா நிற வட்டங்கள் இருந்தன. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அவருடைய தங்கப் பதக்கங்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்த வட்டங்களைப் பற்றியும் பேசினார்கள்.

நமக்கு அது புதிதல்ல. செந்தூலிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களிலும் கடைவரிசைகளில் 'பெக்காம்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். காற்பந்து, ஓட்டப்பந்தயப் பயிற்சிக்குப் பிறகு தசை வலிக்காகக் கிண்ணம் வைத்துக்கொள்ளும் மாணவர்களும் உண்டு. "கெட்ட இரத்தம் மேலே வந்துவிட்டது, அதனால்தான் கறுப்பாக இருக்கிறது" என்று அவர்களுக்கு விளக்கம் சொல்லப்படுகிறது. அந்த விளக்கம் சரியா? படிவம் 2 அறிவியல் பாடமே நமக்குப் பாதி விடையைத் தருகிறது.

கொம்பும் சுரைக்காயும்

தோலைக் கீறாமல் கிண்ணத்தை மட்டும் வைப்பது உலர் முறை. மலாயில் இதைப் 'பெக்காம் கெரிங்' என்பார்கள். தோலைக் கீறி இரத்தம் எடுப்பது 'பெக்காம் பாசா'. நாம் இங்கே பார்க்கப்போவது உலர் முறையை.

பழங்கால எகிப்து, கிரேக்கம், சீனம், அரபு நாடுகள் எனப் பல இடங்களில் இந்த வைத்தியம் இருந்திருக்கிறது. இந்தியாவின் சுஸ்ருத சம்ஹிதை, இரத்தம் எடுப்பதற்கு மாட்டுக் கொம்பையும் சுரைக் குடுக்கையையும் பயன்படுத்தச் சொல்கிறது. கொம்பின் வழியாக வாயால் உறிஞ்சினார்கள். குடுக்கைக்குள் விளக்கேற்றி வைத்தார்கள். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் 'உறிஞ்சல்' என்பதும் ஒன்று. இன்று கொம்புக்குப் பதிலாகக் கைப்பம்பு பொருத்திய பிளாஸ்டிக் கிண்ணமும், குடுக்கைக்குப் பதிலாகக் கண்ணாடிக் கிண்ணமும் வந்துவிட்டன. ஆனாலும் அடிப்படை அறிவியல் அதேதான்.

இழுப்பது யார், தள்ளுவது யார்?

கிண்ணம் தோலை 'இழுக்கிறது' என்று சொல்கிறோம். உண்மையில் காற்றால் எதையும் இழுக்க முடியாது, தள்ள மட்டுமே முடியும். கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். அதாவது உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை அழுத்திக்கொண்டிருக்கிறது. உடலுக்குள் இருக்கும் நீர்மங்களும் அதே அளவில் எதிர்த்துத் தள்ளுவதால் நாம் நசுங்குவதில்லை.

கிண்ணத்தை வைத்துப் பம்பால் காற்றை வெளியேற்றியதும் உள்ளே அழுத்தம் குறைகிறது. உடலின் மற்ற பகுதிகளை வளிமண்டலம் முன்புபோலவே அழுத்துகிறது. எனவே அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கித் தோலும் அதன் கீழுள்ள திசுக்களும் பிதுங்குகின்றன. ஸ்ட்ராவில் தண்ணீர் ஏறுவதும், குளியலறைச் சுவரில் ரப்பர்க் கொக்கி ஒட்டி நிற்பதும் இதே காரணத்தால்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். கிண்ணத்தின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்றால் அதன் வாயின் பரப்பளவு ஏறக்குறைய 0.002 சதுர மீட்டர். உள்ளே அழுத்தம் 30 கிலோபாஸ்கல் குறைந்ததாக வைத்துக்கொள்வோம்.

விசை = அழுத்த வேறுபாடு × பரப்பளவு = 30,000 × 0.002 = 60 நியூட்டன்.

இது 6 கிலோ அரிசி மூட்டையின் எடைக்குச் சமம். இவ்வளவு விசை அந்தச் சிறிய வட்டத்தின் மேல் பல நிமிடங்கள் செயல்படுகிறது.

நெருப்பின் வேலை என்ன?

கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஒரு நொடி நெருப்பைக் காட்டிவிட்டு உடனே முதுகில் கவிழ்ப்பார்கள். "நெருப்பு ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் வெற்றிடம் உண்டாகிறது" என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் எரியும்போது ஆக்சிஜன் செலவாகும் அதே நேரத்தில் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. முக்கியமான காரணம் வெப்பம். சூடான காற்று விரிந்து, ஒரு பகுதி வெளியேறுகிறது. கவிழ்த்த பிறகு மீதிக் காற்று குளிர்ந்து அழுத்தம் குறைகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். காலி பிளாஸ்டிக் போத்தலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். உடனே மூடியை இறுக மூடிக் குழாய் நீரில் பிடியுங்கள். போத்தல் ஒடுங்கும். நெருப்பு வேண்டாம். காணொளியைப் பார்த்து நண்பன் முதுகில் நெருப்பும் குவளையுமாகச் சோதனை செய்வது தீக்காயத்தில்தான் முடியும்.

வட்டம் ஏன் கறுக்கிறது?

தோலுக்கடியில் தந்துகிகள் எனும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. வெளியே அழுத்தம் குறைந்ததும் அவை விரிந்து நிறைய இரத்தத்தால் நிரம்புகின்றன. சில தந்துகிகள் தாங்க முடியாமல் உடைகின்றன. சிவப்பணுக்கள் திசுவுக்குள் கசிகின்றன. மேசை முனையில் இடித்துக்கொண்டால் வரும் இரத்தக்கட்டும் இதுவும் ஒன்றே. அடுத்த சில நாள்களில் ஹீமோகுளோபின் சிதையும்போது, ஊதா நிறம் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறி மறைகிறது.

அப்படியானால் 'கெட்ட இரத்தம்'? கசிந்தது உங்கள் வழக்கமான இரத்தம்தான். உலர் முறையில் உடலைவிட்டு எதுவும் வெளியேறுவதும் இல்லை. கழிவுகளை அகற்றும் பொறுப்பு கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. வட்டத்தின் கருமை, அழுத்தம் எவ்வளவு குறைக்கப்பட்டது, கிண்ணம் எவ்வளவு நேரம் இருந்தது, அந்த இடத்துத் தோல் எப்படிப்பட்டது என்பவற்றைப் பொறுத்தது. வலியே இல்லாத இடத்தில் வைத்தாலும் வட்டம் கறுக்கும்.

வலி குறைகிறதா?

கழுத்து வலி, முதுகு வலி உள்ளவர்களுக்குச் சிறிது காலம் வலி குறைந்ததாகக் கூறும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் பல சிறியவை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாத்திரையை ஆராயும்போது, மருந்தில்லாத போலி மாத்திரையை ஒரு குழுவுக்குக் கொடுத்து ஒப்பிடலாம். முதுகில் கிண்ணம் வைத்ததா இல்லையா என்பதை ஒருவரிடமிருந்து எப்படி மறைப்பது?

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிண்ணத்தில் சிறு துளை இட்டால் காற்று கசிந்து உள்ளே புகும், அழுத்தம் நிலைக்காது. 2016இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், உடல் முழுதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 141 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். கிண்ணம் வைத்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட வலி குறைந்தது. போலிக் கிண்ணத்தோடு ஒப்பிட்டபோதோ, உண்மைக் கிண்ணம் மேலானதாக இல்லை. ஒருவர் அக்கறையோடு கவனிப்பதும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் வலி உணர்வைக் குறைக்கக்கூடும் என்பதையே இது காட்டுகிறது.

விளையாட்டுக்குப் பின் தசை விரைவாகத் தேறுகிறது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. கடும் பயிற்சியால் வரும் சாதாரணத் தசை வலி, எதுவும் செய்யாமலேயே சில நாள்களில் தணிந்துவிடும். மூன்றாம் நாள் கிண்ணம் வைத்தவர், நான்காம் நாள் வலி போனதற்குக் கிண்ணத்துக்கு நன்றி சொல்வார். ஃபெல்ப்ஸின் வெற்றியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்; வட்டங்களுக்குப் பின்னால் சிறுவயதிலிருந்து செய்த பயிற்சி இருக்கிறது.

டிங்கியை மறக்காதீர்கள்

நம் வட்டாரத்தில் உடம்பு வலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. டிங்கிக் காய்ச்சலில் தசையும் மூட்டும் கடுமையாக வலிக்கும். அப்போது இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையலாம். காய்ச்சல் தணியும் நாள்களில்தான் நிலைமை மோசமாகவும் கூடும். "உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது" என்று கிண்ணம் வைத்தால், தந்துகிகளை நாமே உடைக்கிறோம். இரத்தக் கசிவைக் காட்டும் சிறு சிவப்புப் புள்ளிகளும் வட்டங்களுக்குள் மறைந்துபோகும். காய்ச்சலோடு உடம்பு வலி இருந்தால் முதலில் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அடிபட்ட கால் வீங்கி ஊன்ற முடியாவிட்டாலும், கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இரத்தம் உறையாமை நோய் உள்ளவர்களும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர்களும் கிண்ணத்தைத் தவிர்க்க வேண்டும். புண், சொறி உள்ள தோலில் வைக்கவே கூடாது. பாட்டிக்கோ தாத்தாவுக்கோ வைக்க வீட்டில் பேச்சு வந்தால், அவர்கள் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

மலேசியாவில் பாரம்பரிய மருத்துவர்களைப் பதிவு செய்ய 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775, வழி செய்கிறது. நலமாக உள்ள ஒருவர் விரும்பி உலர் கிண்ணம் வைத்துக்கொள்வதானால், பெற்றோருடன் சென்று அவர் பதிவு பெற்றவரா, கருவிகள் தூய்மையானவையா என்று கேட்பது நல்லது. வலி எதனால் வந்தது என்பதை அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். முதுகில் தெரியும் வட்டத்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

கணக்கிட்டுப் பாருங்கள்: கிண்ணத்தின் விட்டம் 4 சென்டிமீட்டர், அழுத்த வேறுபாடு 20 கிலோபாஸ்கல் என்றால் விசை எத்தனை நியூட்டன்?